எண்ணிக்கை சரி, ஆள் எங்கே?

போன வாரம் ஒரு தீ ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலாரம் அடித்தது, எல்லாரும் இறங்கி வந்தார்கள். புதிதாக வார்டன் பொறுப்பேற்ற (அலாரம் அடித்தால் தளத்து ஆட்களை வெளியேற்றிக் கணக்கெடுக்கும் பொறுப்பு) இளைஞர் ஒருவர் கூட்டத்தின் முன் நின்று விரலை நீட்டி நீட்டி எண்ணினார். "முப்பத்தெட்டு, சரியா இருக்கு சார்." முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதே நிம்மதியோடு அதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

லிஃப்டில் ஏறாதே, பையை எடுக்கத் திரும்பாதே என்பதெல்லாம் சுவரிலேயே ஒட்டியிருக்கும், விட்டுவிடலாம். வெளியே வந்தபின் யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்குப் பார்க்கும்போது நடக்கும் கோளாறுகளை மட்டும் சொல்கிறேன்.

தலையை எண்ணுவது

நான் வார்டனான முதல் வருடம். எங்கள் தளத்துப் பட்டியலில் அன்று 42 பேர். வெளியே எண்ணினேன், 42. சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினேன், அப்போதும் 42. ஒத்திகை நடத்திய அதிகாரியிடம் "எல்லாரும் வந்தாச்சு" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு எங்கள் ஆள் ஒருவர் வருகிறார். காதில் பெரிய ஹெட்ஃபோன், கையில் ஸ்க்ரூடிரைவர். சர்வர் அறை இரைச்சலுக்கு நடுவே கேபிள் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். "என்ன, எல்லாரும் வெளியே நிக்கறீங்க?" என்று கேட்டார்.

அப்படியானால் என் கணக்கில் இருந்த 42-ஆவது ஆள் யார்? பிரிண்டர் பழுதுபார்க்க வந்தவர். அவர் பெயர் விசிட்டர் புத்தகத்தில் இருந்தது, புத்தகம் கட்டடத்துக்குள் வரவேற்பு மேசையில் இருந்தது. கூட்டம் நிற்கும் இடத்தில் அவரும் வந்து சமர்த்தாக நின்றுவிட்டார். ஒருவர் கூட, ஒருவர் குறைய. கூட்டினால் சரியாகத்தான் வரும்.

இன்றைக்கும் இதை நினைத்தால் எரிச்சல்தான். எண்ணிக்கை குறைந்திருந்தால் குறைந்தபட்சம் தேடத் தொடங்கியிருப்போம். சரியாக வந்ததால் தேடல் அங்கேயே முடிந்துவிட்டது. நிஜத் தீயாக இருந்தால், வந்து இறங்கும் தீயணைப்பு அலுவலர் முதலில் கேட்பதே "உள்ளே யாராவது இருக்காங்களா?" என்பதுதான். ஆட்களை மீட்புக்கு உள்ளே அனுப்புவதா, வெளியிலிருந்தே தண்ணீர் அடிப்பதா என்ற அவர் முடிவில் அந்தப் பதிலுக்குப் பெரிய பங்கு உண்டு. என் 42 அவரை வெளியிலேயே நிறுத்தியிருக்கும்.

அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1910.38 விதி, அவசரத் திட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று ஒரு சிறு பட்டியல் தருகிறது. வெளியேறியபின் ஊழியர் அனைவரையும் கணக்கில் கொண்டுவரும் முறை அதில் ஒன்று. அனைவரையும் என்றால் ஒவ்வொருவரையும்.

ஆகவே பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் அந்த ஆளிடமிருந்தே வர வேண்டும். "அவர் பின்னாடி இருக்கார் சார்" என்று யாராவது சொன்னால், முன்னால் வரச் சொல்லுங்கள். கல்லூரியில் ப்ராக்ஸி கொடுத்துப் பழகிய கை சும்மா இருக்காது. கூட்டம் பெரிதென்றால் பிரிவுக்கு ஒருவர் தன் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்துக்கொள்ளட்டும். விசிட்டர் புத்தகம் வரவேற்பில் இருப்பவரின் கையோடு வெளியே வரட்டும். கான்ட்ராக்ட் ஆட்கள், துப்புரவுப் பணியாளர்கள், செக்யூரிட்டி எல்லாரும் யாராவது ஒருவருடைய பட்டியலில் இருந்தாக வேண்டும். "அவங்க நம்ம ஆள் இல்லையே" என்ற பேச்சைத் தீ கேட்பதில்லை.

காலைப் பதிவை நம்புவது

விரல் வைத்த மெஷினுக்கு, ஒருவர் ஒன்பது மணிக்கு உள்ளே வந்தது தெரியும். பதினொரு மணிக்கு வெளிவேலையாகப் போனது தெரியாது. வெளியே போகும்போதும் கார்டு தேய்க்கும் இடங்களில் இன்னொரு சங்கடம் உண்டு. அலாரம் அடித்ததும் கேட்டுகள் தானாகத் திறந்துகொள்ளும்படி வைத்திருப்பார்கள், அப்படித்தான் வைக்கவும் வேண்டும். ஓடும்போது யாரும் கார்டு தேய்க்க மாட்டார்கள். கணினித் திரையில் மொத்த அலுவலகமும் உள்ளேயே இருக்கும். அந்தப் பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிடலாம், விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

"கிளம்பியிருப்பார்"

பார்த்தேன், பார்க்கவில்லை. இரண்டே பதில்தான், மூன்றாவது கிடையாது. பார்க்காத ஒருவரைப் பற்றி எழுதும்போது கடைசியாக எங்கே, எப்போது இருந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "ஒருத்தரைக் காணோம்" என்றால் தீயணைப்பு வீரர் எங்கே போவார்? "மூன்றாம் மாடி, பின்பக்க ஸ்டோர், கால் மணி நேரம் முன்பு" என்றால் அவருக்கு ஒரு வழி கிடைக்கும். படியிறங்க முடியாமல் பாதுகாப்பான படிக்கட்டுப் பகுதியில் காத்திருப்பவரும் இதே தாளில் இடத்தோடு இருக்க வேண்டும். அவரைக் காணவில்லை என்று எழுதாதீர்கள்.

வெளியே வந்தவரைப் போகவிடுவது

அலாரத்தைச் சாக்காக வைத்து வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுபவர் எல்லா இடத்திலும் ஒருவர் இருப்பார். நம் தாளில் அவர் 'உள்ளே'.

1999 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் கைவிடப்பட்ட ஒரு குளிர்பதனக் கிடங்கு தீப்பிடித்தது. வீடற்ற இருவர் அங்கே தங்குவதாகத் தகவல் கிடைத்ததால் தீயணைப்பு வீரர்கள் உள்ளே போய்த் தேடினார்கள். அந்த இருவரும் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள், யாரிடமும் சொல்லவில்லை. புகையில் முதலில் இரண்டு வீரர்கள் வழி தவறினார்கள். அவர்களைத் தேடப் போனவர்களில் நான்கு பேரும் திரும்பவில்லை. மொத்தம் ஆறு பேர். வார்டனிடம் சொல்லாமல் கிளம்பும் ஆளை நான் எல்லார் முன்னாலும் கடிந்துகொள்வது இதனால்தான். கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

தேடி உள்ளே போவது

கூடாது.

மேசைகளை மட்டும் பார்த்துத் "தளம் காலி" என்பது

கழிப்பறை, மீட்டிங் அறை, ஸ்டோர், ஒருக்களித்துச் சாத்திய கதவு ஒவ்வொன்றும். வெளியேறும் வழியில் பார்த்துக்கொண்டே வர வேண்டும், பார்த்த அறைக் கதவைச் சாத்த வேண்டும், பூட்டக் கூடாது. புகை இருக்கும் பக்கம் போகவே வேண்டாம், "பார்க்கவில்லை" என்று வெளியே வந்து சொன்னால் போதும்.

பட்டியல் ஒரே ஆளிடம் இருப்பது

அவர் அன்றைக்கு லீவு.

பேனா

மழையில் நனைந்த தாளில் பேனா எழுதாது. கிளிப் அட்டையில் நூல் கட்டி ஒரு பென்சிலைத் தொங்கவிடுங்கள். நூல் இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள்.