டி.ஓ.டி 250 ஓவர்டிரைவ் பெடலை வீட்டிலேயே கட்டுவது எப்படி?

கிட்டார் பெடல் கட்டிப் பழக நினைப்பவர்களுக்கு முதல் வேலையாக எதைச் சொல்வது என்றால், தயங்காமல் டி.ஓ.டி 250 என்போம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் இருந்த டி.ஓ.டி நிறுவனம் 1970களின் நடுவில் கொண்டுவந்த ஓவர்டிரைவ் பிரீஆம்ப் இது, அதாவது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே நின்று ஒலியைப் பெரிதாக்கி உறும வைக்கும் பெட்டி. உள்ளே இருப்பது ஒரே ஒரு ஐசி, இரண்டு டயோடு, ஒரு கைப்பிடி ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அத்தனையும் இன்றும் கிடைக்கிற சாமான்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்த நிறுவனமே சின்னச் சின்ன மாற்றங்கள் செய்தது. இங்கே கொடுப்பது 741 ஐசி போட்ட பழைய வகையை ஒட்டிய மதிப்புகள்.

சர்க்யூட்டைப் புரிந்துகொண்டு தொடங்குங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பெடல் ஊமையாக இருக்கும்போது கோளாறைத் தேட உதவுவது இந்தப் புரிதல்தான்.

கிட்டாரின் சிக்னல் ஐசிக்குள் போய்ப் பல மடங்கு பெரிதாகிறது. எத்தனை மடங்கு என்பதற்குக் கணக்கு எளிது: 1 மெக் ஓமை, 4.7 கிலோ ஓமும் கெயின் கன்ட்ரோலும் (பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) சேர்ந்த மதிப்பால் வகுத்து, 1 கூட்டுங்கள். கன்ட்ரோல் முழு 500 கிலோ ஓமில் இருந்தால் சுமார் 3 மடங்கு, சுழிக்கு வந்தால் சுமார் 214 மடங்கு. பெரிதான சிக்னல் வெளியே வரும் வழியில், எதிரெதிராக நிற்கும் இரண்டு சிலிக்கான் டயோடுகள் சுமார் 0.6 வோல்ட்டுக்கு மேலே போகும் முனைகளைச் சீவிவிடுகின்றன. ஓவர்டிரைவ் என்று காதில் விழுவது இந்தச் சீவல்தான்.

இந்த பெடலின் குணத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. 4.7 கிலோ ஓமோடு தொடராக நிற்கும் 47 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர், கெயினை முழுக்கத் திருப்பும்போது, அதாவது கன்ட்ரோலின் மதிப்பு சுழிக்கு வரும்போது, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதற்கெல்லாம் பெருக்கத்தைக் குறைக்கிறது. அதனால்தான் எவ்வளவு சீவினாலும் தடித்த கம்பிகளின் ஒலி குழம்புவதில்லை. அடுத்தது 741. அது வேகம் குறைந்த ஐசி. 200 மடங்குக்கு மேல் பெருக்கச் சொன்னால் 5 கிலோ ஹெர்ட்ஸை எட்டும் முன்பே தளர்ந்துவிடுகிறது. உச்ச ஸ்தாயியின் கூர்மை தானாகவே மழுங்குகிறது. நவீன ஐசி போட்டால் நன்றாக இருக்குமே என்று ஆரம்பத்திலேயே மாற்றிவிடாதீர்கள். முதலில் இதை இதன் குரலிலேயே கேளுங்கள்.

வாங்க வேண்டியவை

ரெசிஸ்டர், கால் வாட்: 2.2 மெக் ஓம் 1, 1 மெக் ஓம் 1, 470 கிலோ ஓம் 1, 22 கிலோ ஓம் 2, 10 கிலோ ஓம் 2, 4.7 கிலோ ஓம் 2.
கெப்பாசிட்டர்: 47 நானோ ஃபாரட் (மேலே 473 என்றிருக்கும்), 10 நானோ (103), 1 நானோ (102), 22 பிகோ செராமிக், எலக்ட்ரோலிட்டிக்கில் 4.7, 10, 100 மைக்ரோ ஃபாரட். எல்லாம் ஒவ்வொன்று, எலக்ட்ரோலிட்டிக் 16 வோல்ட்டோ அதற்கு மேலோ.
எல்எம்741 எட்டுக்கால் ஐசி, அதற்கான ஐசி பேஸ், 1என்4148 டயோடு 2, 1என்5817 டயோடு 1, எல்இடி 1.
கெயினுக்கு சி500கே, வால்யூமுக்கு ஏ100கே கன்ட்ரோல். 3பிடிடி கால் ஸ்விட்ச் (ஒரே மிதியில் மூன்று இணைப்புகளை மாற்றும் ஒன்பது கால் ஸ்விட்ச்), கால் அங்குல மோனோ ஜாக் 2, 9 வோல்ட் டிசி ஜாக், ஜீரோ பிசிபி (பாகங்களைச் சால்டர் செய்யும் துளைப் பலகை), 1590பி அளவு அலுமினியப் பெட்டி.

ஐசி, ரெசிஸ்டர், டயோடு எல்லாம் சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். தேட வைப்பவை சி500கே கன்ட்ரோலும் 3பிடிடி ஸ்விட்சும்தான். பெடல் பாகங்கள் விற்கும் இணையக் கடைகளில் பாருங்கள். சி வகை கிடைக்காவிட்டால் ஏ500கே போதும், ஆனால் குமிழ் எதிர்த்திசையில் வேலை செய்யும். பி வகை வேண்டாம். குமிழின் கடைசிச் சிறு திருப்பத்தில் எல்லா கெயினும் வந்து குவிந்துவிடும்.

பேட்டரியை நாங்கள் விட்டுவிட்டோம். சின்னப் பெட்டிக்குள் அதற்கும் இடம் தேடுவது முதல் முயற்சிக்குத் தேவையற்ற தொல்லை.

படி 1: மின்சாரப் பகுதி

ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரில் அளந்த பிறகே பலகையில் போடுங்கள். 10 கிலோ ஓமுக்கும் 1 மெக் ஓமுக்கும் நடுவே வித்தியாசம் ஒரே ஒரு வண்ணக் கோடு. ஆரஞ்சும் பச்சையும் இரவு விளக்கில் ஏமாற்றும்.

டிசி ஜாக்கின் பிளஸ்ஸிலிருந்து 1என்5817 வழியாக பலகையின் பிளஸ் கோடு. டயோடின் வெள்ளிக் கோடு பலகைப் பக்கம் இருக்க வேண்டும். பெடல் அடாப்டர்களில் நடு முனை மைனஸ். வேறு அடாப்டரை யாராவது செருகினால் ஐசியைக் காப்பது இந்த டயோடுதான். பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் (எல்லாவற்றுக்கும் பொதுவான மைனஸ் கோடு) இடையே 100 மைக்ரோ. பிறகு பிளஸ்ஸிலிருந்து ஒரு 22 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 22 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் கிரவுண்டை நோக்கி 10 மைக்ரோ. இப்போதே அடாப்டரைச் செருகி அளந்து பாருங்கள். நடுப்புள்ளியில் ஏறக்குறைய 4.4 வோல்ட் வர வேண்டும். வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: ஐசியைச் சுற்றி

ஐசி பேஸை மட்டும் சால்டர் செய்யுங்கள், ஐசியைக் கடைசியில் செருகலாம். பலகையைத் திருப்பிப் போட்டுச் சால்டர் செய்யும்போது கால்களின் எண் வரிசை கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறிவிடும். ஆரம்பக்காரர்கள் செய்யும் பிழைகளில் பாதி இதில்தான். அடிப்பக்கத்தில் முதல் காலுக்குப் பக்கத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள்.

7ஆம் கால் பிளஸ்ஸுக்கு, 4ஆம் கால் கிரவுண்டுக்கு. 1, 5, 8 சும்மா இருக்கட்டும். உள்ளே வரும் சிக்னல் 10 நானோவையும், அதன்பின் 10 கிலோ ஓமையும் கடந்து 3ஆம் காலுக்கு. அதே 3ஆம் காலை 470 கிலோ ஓம் வழியாக 4.4 வோல்ட் நடுப்புள்ளியோடு இணையுங்கள். உள்ளீட்டு முனையிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 மெக் ஓம். இது இல்லாவிட்டால் ஸ்விட்சை மிதிக்கும்போது ‘டப்’ என்று சத்தம் வரும்.

6க்கும் 2க்கும் இடையே 1 மெக் ஓம், அதன் மேலேயே 22 பிகோ. 2ஆம் காலிலிருந்து 4.7 கிலோ ஓம், பிறகு 47 நானோ, பிறகு கெயின் கன்ட்ரோல், கடைசியில் கிரவுண்டு. கன்ட்ரோலின் தண்டு உங்களைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து 1, 2, 3. சி500கே என்றால் 2, 3 கால்களைப் பயன்படுத்துங்கள். ஏ500கே என்றால் 1, 2.

படி 3: சீவும் பகுதி

6ஆம் காலிலிருந்து 4.7 மைக்ரோ. அதன் பிளஸ் முனை ஐசியைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்து 10 கிலோ ஓம். அங்கிருந்து கிரவுண்டுக்கு இரண்டு 1என்4148: ஒன்றின் கறுப்புக் கோடு கிரவுண்டுப் பக்கம், மற்றதன் கோடு எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒரே பக்கமாக வைத்துவிட்டால் அலையின் ஒரு பாதி மட்டுமே சீவப்படும். ஒலி வரும், ஆனால் வேறு பெடலாக இருக்கும். டயோடுகளோடு இணையாக 1 நானோ. அதே புள்ளி வால்யூம் கன்ட்ரோலின் 3ஆம் காலுக்கு. 2ஆம் கால் வெளியீடு, 1ஆம் கால் கிரவுண்டு.

படி 4: ஸ்விட்ச்

ஒன்பது கால்களையும் மூன்று வரிசையாக எண்ணுங்கள்: 1, 2, 3, கீழே 4, 5, 6, அதன் கீழே 7, 8, 9. கால்களின் தட்டைப் பக்கம் படுக்கைக் கோடுபோலத் தெரிய வேண்டும். சந்தேகமிருந்தால் மீட்டரின் பீப் ஒலியில், 4ஆம் கால் மிதிக்க மிதிக்க 1, 7 என்று மாறித் தொடுகிறதா என்று பாருங்கள். கிட்டார் ஜாக் 4இல், ஆம்ப் ஜாக் 5இல், கிரவுண்டு 6இல். 1ஐயும் 2ஐயும் துண்டுக் கம்பியால் இணையுங்கள். 7 பலகையின் உள்ளீட்டுக்கு, 8 வெளியீட்டுக்கு, 9 எல்இடியின் குட்டைக் காலுக்கு. நெட்டைக் கால் மீதமுள்ள 4.7 கிலோ ஓம் வழியாக பிளஸ்ஸுக்கு. ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் இளகித் தொடுமுனை நகர்ந்துவிடும்.

பெட்டிக்குள் அடைக்கும் முன்

ஐசியைச் செருகி மின்சாரம் கொடுங்கள். 7ஆம் காலில் சுமார் 8.7 வோல்ட், 6ஆம் காலில் அதில் ஏறக்குறைய பாதி. 3ஆம் காலில் மலிவான மஞ்சள் மீட்டரால் அளந்தால் 3 வோல்ட் அளவுக்குத்தான் காட்டும். பயப்பட வேண்டாம். அந்த மீட்டரின் 1 மெக் ஓம் உள்தடை, 470 கிலோ ஓம் வழியாக வரும் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கிறது. 6ஆம் காலின் கணக்கையே நம்புங்கள். ஐசி சுட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள், திருப்பிச் செருகியிருக்கிறீர்கள்.

ஒலியே இல்லையா? ஆம்புக்குப் போகும் கேபிளின் நடு முனையில் ஒரு 100 நானோ கெப்பாசிட்டரைக் கட்டி, அதன் மறுமுனையால் சிக்னல் போகும் பாதையை ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். ஆம்பின் ஒலியைக் குறைத்து வையுங்கள், இன்னொருவர் கிட்டாரைத் தட்டிக்கொண்டே இருக்கட்டும். 3ஆம் காலில் கேட்டு 6இல் கேட்காவிட்டால் ஐசியைச் சுற்றிக் கோளாறு. 6இல் பலமாகக் கேட்டு வால்யூமில் காணாமல் போனால் டயோடோ 1 நானோவோ கிரவுண்டோடு ஒட்டியிருக்கிறது. ஒலி வந்தும் மெலிந்து, கெயின் ஏறவே இல்லையென்றால் 473க்குப் பதில் 472 போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கெயினை ஏற்றினால் கீச்சென்று கத்துவது இன்னொரு வழக்கமான தொல்லை. உள்ளீட்டுக் கம்பியும் வெளியீட்டுக் கம்பியும் உரசிக்கொண்டு ஓடுவதே காரணம். 214 மடங்கு பெருக்கத்தில் சிறு கசிவும் சுற்றிச் சுற்றி வளரும். பெட்டியின் எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டி அவற்றைப் பிரித்து ஓட விடுங்கள், பெட்டியின் உலோகம் கிரவுண்டோடு சேர்ந்திருப்பதை உறுதி செய்யுங்கள்.

ஒலியை முதலில் எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு சொல். ஸ்வீடனின் கிட்டார் கலைஞர் இங்வி மால்ம்ஸ்டீன் சாம்பல் நிற 250ஐ மார்ஷல் ஆம்போடு பயன்படுத்திப் புகழ் சேர்த்தவர். டயோடுகள் விடும் 0.6 வோல்ட் பெரும்பாலான கிட்டார்கள் தருவதைவிடப் பெரியது, வால்வ் ஆம்பின் முதல் கட்டத்தைத் தள்ளிவிட அது தாராளம். ஆகவே கெயினைக் குறைத்து, வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் திருப்பி, ஏற்கெனவே லேசாக உறுமிக்கொண்டிருக்கும் ஆம்பில் செருகுங்கள்.