கோழி எலும்பை வளைத்தும் நொறுக்கியும் பார்க்க ஒரு வீட்டுச் சோதனை

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் ஒரே அளவில் மூன்று கோழிக்கால் வாங்குங்கள். குழம்பில் கிடந்த எலும்பு உதவாது: நெடுநேரம் கொதித்தால் கொலாஜன் என்ற புரதம் குழம்பில் இறங்கிவிடும். சதையைப் பச்சையாகவே வழித்தெடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேயுங்கள். கொழுப்புப் படலம் இருந்தால் அமிலம் உள்ளே இறங்காது. பச்சைக் கோழி தொட்ட கை, பலகை எல்லாவற்றையும் சோப்பால் கழுவுங்கள்.

முதல் எலும்பை ஈரத்துணியில் சுற்றி உறைபெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் ஒரே நாளில் நாறும்.

இரண்டாவதைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, 5 விழுக்காட்டு வினிகர் 500 மில்லி ஊற்றி மூழ்கவிடுங்கள். சிறுசிறு குமிழ்கள் ஏறும். எலும்பின் தாதுவில் உள்ள கார்பனேட் கரைந்து வாயுவாகிறது, அதனால் மூடியை இறுக்க வேண்டாம். சுண்ணாம்புச்சத்து கரையக் கரைய அமிலத்தின் வீரியம் குறையும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் ஒரு வாரமானாலும் நடுப்பகுதி விறைப்பாகவே நிற்கிறது.

மூன்றாவதையும் உறைபெட்டியில் வைத்திருந்து, சோதனை நாளில் 120 டிகிரி சூட்டடுப்பில் 3 மணி நேரம் காயவிடுங்கள். நீர் வற்றும், கொலாஜனும் ஓரளவு கெடக்கூடும், தாது அப்படியே இருக்கும்.

ஏழாம் நாள், இரண்டு தடித்த புத்தகங்களுக்கு இடையே 6 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு எலும்பைக் குறுக்கே வையுங்கள். நடுவில் கயிறு கட்டி, நீர் நிரப்பிய 1.5 லிட்டர் போத்தலைத் தொங்கவிடுங்கள். உறைபெட்டி எலும்பு, குளிர் விட்டதும், அசையாமல் தாங்கும். வினிகர் எலும்பு ரப்பர்போலத் தொய்யும், ஆனால் முறியாது. சுட்ட எலும்பும் எடையைத் தாங்கக்கூடும். துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டினால்தான் அதன் குறை தெரியும். கூர்மையான சில்லுகளாகச் சிதறும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

'சுண்ணாம்பு கூடினால் எலும்பு வலுக்கும்' என்பது பாதி உண்மைதான். தாது விறைப்பைத் தருகிறது, கொலாஜன் விரிசல் ஓடாமல் தடுக்கிறது. மோதிச் சண்டையிடும் மானின் கொம்பில் தாது ஏறத்தாழ 59 விழுக்காடு, மாட்டின் தொடையெலும்பில் 67. அடிபடாமல் ஒலி கடத்தினால் போதும் என்றிருக்கும் திமிங்கலக் காதெலும்பில் 86. மூன்றிலும் மிக விறைப்பானது அதுதான், எளிதில் உடைவதும் அதுதான்.

வினிகர் எலும்பை ஈரத்தோடேயே சோதியுங்கள். ஒரு நாள் காற்றில் காய்ந்தால் அது மறுபடி விறைக்கும். தாது திரும்பிவிட்டதென்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் வளைத்துக் காட்டுங்கள்.