ஸ்டீவியா பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்துப் பச்சை இலைப் படத்தை விடுங்கள். பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பெரம்பூரில் எங்கள் தெருக்காரர்கள் யாராவது, சீனித்துளசி இலையிலிருந்து எடுத்துச் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் ஸ்டீவியாவை வாங்கிக்கொண்டு வந்து "டீச்சர், இது போடலாமா?" என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான், வீட்டுக்காரருக்குச் சுகர். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குப் பாடமும் தெரியும், அடுப்படியும் தெரியும்.

பட்டியலில் தேட வேண்டியது ஸ்டீவியால் கிளைகோசைடு (இலையின் இனிப்புப் பொருள்) என்ற பெயர், இல்லையென்றால் 960 என்ற எண். 955 இருந்தால் சுக்ரலோஸ், 951 என்றால் அஸ்பார்டேம், இரண்டும் செயற்கை இனிப்புகள். இலைப் படம் போட்ட பாக்கெட்டிலும் இவை சேர்ந்திருக்கலாம். அப்புறம், பட்டியலில் முதலில் நிற்பது எது என்று பாருங்கள். எடையில் அதிகமானதுதான் முதலில் வரும். ஸ்டீவியா சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. அதைத் தனியாக ஸ்பூனில் அள்ளிப் போட முடியாது என்பதால் வேறு ஏதாவது மாவில் கலந்துதான் விற்கிறார்கள். அந்த மாவு டெக்ஸ்ட்ரோஸ் என்றால் அது குளுக்கோஸேதான். மால்ட்டோடெக்ஸ்ட்ரினும் வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாகிவிடும். ஒரு கிராம் சாஷேயில் 4 கலோரிக்குள்தான், போகட்டும். டப்பாவில் வருவதைப் பாயசத்துக்குக் கப் கணக்கில் கொட்டினால் சுகர் ஏறத்தான் செய்யும்.

எரித்ரிட்டால் என்ற இனிப்புப் பொடி கலந்தது என்றால் சுகர் ஏறாது. ஆனால் 2023-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக எழுதினார்கள். அது தொடர்பைக் காட்டிய ஆய்வு, இதுதான் காரணம் என்று நிரூபித்ததல்ல. இருந்தாலும் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு என் கையால் அதைப் போட்டுத் தரமாட்டேன்.

எவ்வளவு போடலாம்? 2008-ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு வகுத்த அளவு: உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம், ஸ்டீவியால் கணக்கில். 60 கிலோ ஆளுக்கு 240 மில்லிகிராம். இலையில் இருக்கும் ரெபாடியோசைடு ஏ என்ற மூலக்கூறின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் ஸ்டீவியால். மீதி அதில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸ். ஆக ரெபாடியோசைடு ஏ 720 மில்லிகிராம் வரை போகலாம். ஒரு கிராம் சாஷேயில் 3 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒன்றில் 30 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 24 சாஷே. பெரியவர்கள் யாரும் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. 15 கிலோ பேரக்குழந்தைக்கு அதே கணக்கைப் போட்டால் ஆறு சாஷேயிலேயே முடிந்துவிடும். குழந்தைக்கு இது எதற்கு?

இந்த அளவெல்லாம் 95 சதவீதத்துக்குக் குறையாமல் சுத்திகரித்த சாறுக்குத்தான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் காய்ந்த இலைக்கும், தொட்டியில் வளர்க்கும் சீனித்துளசிக்கும் இது பொருந்தாது.

குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் சுகர் ஏறாதா? ஏறாது. சிறுகுடலால் அந்தப் பிணைப்பை உடைக்க முடியாது. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் குளுக்கோஸைக் கழற்றித் தின்றுவிடும். மிஞ்சும் ஸ்டீவியால் ரத்தத்தில் கலந்து, கல்லீரல் வழியாகச் சிறுநீரில் போய்விடும்.

இனி சமையல். நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியோடு, கசப்பை உணரும் ஏற்பிகளில் இரண்டையும் ஸ்டீவியா தட்டி எழுப்பும். அளவு கூடக்கூடக் கசப்புதான் முந்தும். ஆகவே ஃபில்டர் காபிக்கு ஒரு டம்ளருக்கு அரை சாஷேயில் ஆரம்பியுங்கள். டிகாஷனைத் தண்ணியாக விடாதீர்கள். காபியின் கசப்பு திடமாக இருந்தால் இதன் கசப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். எலுமிச்சை ஜூஸுக்கு இது அருமையாகப் பொருந்தும். இனிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து நாக்கிலேயே நிற்கும் அதன் குணத்தைப் புளிப்பும், உப்பும், தட்டிப் போட்ட இஞ்சியும் அடக்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் வீட்டில் ஜாடி ஜாடியாக இதுதான் ஓடும்.

சேமியா பாயசத்தில் இனிப்பு வரும், கெட்டி வராது. பாலைக் கூடுதலாகச் சுண்டவிட்டு, ஊறவைத்த முந்திரியை அரைத்து ஊற்றுங்கள். அடுப்பை அணைத்தபின் ஸ்டீவியாவைத் துளித்துளியாகச் சேர்த்து ருசி பாருங்கள். மைசூர்பாகு, அதிரசம் பக்கம் போகவே வேண்டாம். கம்பிப் பதம் என்பது சர்க்கரையின் எடையால் வருவது. இதில் பாகே கிடையாது. மாம்பழ ஜாமும் நிற்காது, பூசணம் பிடிக்காமல் காப்பது சர்க்கரைதான்.

"ஸ்டீவியா சுகரைக் குறைக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தினம் 1000 மில்லிகிராம் ரெபாடியோசைடு ஏ கொடுத்து 16 வாரம் பார்த்த ஆய்வு 2008-ல் வந்தது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உடம்பு இளைக்கும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று: எடையைக் கட்டுப்படுத்த இந்த மாதிரி இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, ஸ்டீவியாவையும் சேர்த்து. ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

கடைசியாக, வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொள்பவர், சுகர் மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால் சர்க்கரை டப்பாவை மொத்தமாகக் காலி செய்துவிடாதீர்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, சுகர் இறங்கிவிட்டால் ஸ்டீவியா போட்ட காபியால் ஒரு பயனும் இல்லை. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். குளுக்கோஸ் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, ஸ்டீவியா இருக்கும் தட்டில் வைக்காமல் தனியாக வையுங்கள்.