யாழ்ப்பாணத்துக் காற்றும் உங்கள் கமராவும்

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்குப் போகும் ஒருவரின் கமராவில் அம்மம்மாவின் முகமும், இடிந்த வீட்டின் எஞ்சிய சுவரும், 1995 இடப்பெயர்வில் எப்படியோ தப்பி உறவினர் வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய கல்யாணப் படங்களின் பிரதிகளும் பதிவாகின்றன. மறுமுறை போகும்போது இவற்றில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கமராவைப் பேணுவதைப் பயண ஆயத்தத்தின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

மேலதிக லிதியம் பற்றரிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. முனைகளை ஒட்டுநாடாவால் மூடிக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட் என்பதால், கனடாவிலிருந்து செல்வோர் சார்ஜரில் 100–240 என்று எழுதியிருக்கிறதா என முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வீடுகளில் உருண்டைப் பின்னும் புதிய வீடுகளில் சதுரப் பின்னும் இருக்கக்கூடும் என்பதால் இரண்டுக்கும் பொருந்தும் அடப்டர் தேவை.

நான் கண்டவரை, அங்கே கமராவுக்கு வரும் கேடு பெரும்பாலும் காற்றிலிருந்தே வருகிறது. ஏசி அறையில் இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த கமராவை நல்லூர்த் தேரன்று விடியற்காலையில் வெளியே எடுத்தேன். குளிர்ந்த சோடாப் போத்தலின் மேல் நீர் முத்து முத்தாய்ப் படிவதைப் போல, லென்ஸ் முழுவதும் வெண்படலம் படர்ந்தது. அவசரத்தில் சால்வைத் தலைப்பால் துடைத்தேன். சால்வையில் ஒட்டியிருந்த புழுதி கண்ணாடியில் இழுத்த இரண்டு மெல்லிய கீறல்கள், வெயில் எதிரே விழும் படங்களில் இன்றும் தெரிகின்றன. குளிரறையிலிருந்து புறப்படும் முன்பே கமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பையில் இட்டு மூடி, வெளியே வந்தபின் அரை மணி நேரமாவது திறக்காமல் வைத்திருந்தால், ஈரம் பையின் மேல் படியுமே தவிரக் கண்ணாடியில் படியாது. ஏசி வான் வண்டியில் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் புழுதி எல்லா இடுக்குகளிலும் புகுந்துவிடும். லென்ஸை வெளியில் கழற்றாதீர்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால், வீட்டுக்குள் மின்விசிறியை நிறுத்தி, கமராவை அணைத்து, வாய்ப்பக்கம் கீழ்நோக்கியிருக்கப் பிடித்து மாற்றுங்கள். துடைக்கும் முன் ரப்பர் ஊதியால் தூசியை அகற்றுவது கட்டாயம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகும்போது தெறிக்கும் கடல்நீர் இன்னும் கொடியது, ஏனெனில் அது காய்ந்தபின் உப்புப் பொடியாக நின்று, உலர்ந்த துணியால் தேய்க்கும்போது அரத்தைப் போல அராவுகிறது. கரைக்கு வந்ததும், நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கமராவின் உடலை ஒற்றியெடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். கமரா தண்ணீருக்குள் விழுந்துவிட்டால், இயங்குகிறதா என்று பார்க்கும் ஆசையை அடக்கி, உடனே பற்றரியைக் கழற்றிவிட வேண்டும். அரிசிப் பானைக்குள் வைக்கும்படி பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். ஆனால் அரிசித் தவிடும் மாவும் உள்ளே போய்ச் சேரும். அதற்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளே நல்லவை.

வெயிலில் பூட்டிய வானுக்குள் கமராவை விடக் கூடாது. பெரும்பாலான கமராக்கள் 40 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்துக்கே உகந்தவை. மூடிய வாகனம் அதை விரைவில் தாண்டிவிடும்.

இரவில் உறங்கும் முன் அன்றைய படங்களை வேறொரு கருவியில் பிரதியெடுத்து, மெமரி கார்டையும் அந்தப் பிரதியையும் வெவ்வேறு பைகளில் வைத்திருங்கள். இரண்டு இடங்களில் பிரதி இருப்பது உறுதியாகும்வரை கார்டிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம்.

திரும்பி வந்த களைப்பில் பையை அப்படியே அலுமாரியில் தள்ளிவிடுகிறோம். ஊரின் ஈரம் ஏறிய அந்தப் பைக்குள், இருட்டில், லென்ஸில் பூஞ்சணம் முளைக்கிறது. பையைத் தனியே காயவிட்டு, கமராவைச் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வையுங்கள். ஒரு மாதம் கழித்து லென்ஸைக் கழற்றி, பின்பக்கமாக டோர்ச் வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தென்பட்டால், அவை கண்ணாடிப் பூச்சை அரிக்கும் முன்பே திருத்துநரிடம் கொண்டுபோய்விடுங்கள்.