இன்று இரவு எங்கே கூத்து? செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் முறை

செய்யாறு, வந்தவாசி, ஆரணி மாதிரியான ஊர்களில் மாலையில் போக என்ன இருக்கிறது என்று கேட்டால் தியேட்டரைக் கைகாட்டுவார்கள். ஆனால் பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை, இந்த ஊர்களைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு கிராமத்தில் விடிய விடியக் கூத்து நடந்துகொண்டுதான் இருக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், சில ஜமாக்களில் (கூத்துக் குழுக்களில்) இன்றும் முகவீணை. எல்லாமே நேரில் வாசிப்பது, நேரில் பாடுவது. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

சிக்கல் ஒன்றுதான். ஊரார் அடிக்கும் நோட்டீஸ் அந்த ஊருக்கும் சம்பந்தி ஊர்களுக்கும் போகுமே தவிர வெளியாளுக்கு வந்து சேராது. கூத்தை முன்பின் பார்க்காதவர்கள் செய்தியைப் பிடித்து, சரியான ஊருக்கு, சரியான இரவில் போய்ச் சேரும் வழியைக் கீழே படிப்படியாகத் தருகிறோம்.

படி 1: முதலில் காலண்டர்

தமிழ்த் தேதி போட்ட தினசரிக் காலண்டர் ஒன்று கையில் வேண்டும். மகாபாரதக் கதையைச் சொல்லியும் ஆடியும் நடத்தும் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாக்கள் பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் குவிந்திருக்கும். அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் காலம் அது. கூத்துக்கும், கடைசி நாள் போர்க்களக் காட்சியான படுகளத்துக்கும் திறந்த வெளி கிடைக்கும், மழைப் பயமும் குறைவு. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஊர்களில் ஒருநாள் கூத்து வைப்பார்கள். மாசியில் சிவராத்திரிக்கு அடுத்து வரும் மயானக் கொள்ளையை ஒட்டி அங்காளம்மன் கோயில்களில் தேடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேடி அலைய வேண்டாம்.

பாரதம் எல்லா ஊரிலும் ஆண்டுதோறும் நடப்பதில்லை. செலவு அதிகம் என்பதால் சில ஊர்களில் ஓரிரு ஆண்டு இடைவெளி விடுவார்கள். 'போன வருஷம் அங்கே நடந்ததே' என்று நம்பிக் கிளம்பக் கூடாது.

படி 2: விவரம் தெரிந்த கடைகள்

பேருந்து நிலையத் தூண்களிலும் டீக்கடைச் சுவர்களிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதைவிட நம்பகமான இடம், திருவிழாவை வைத்துப் பிழைப்பு நடத்தும் கடைகள்தான்: மைக் செட் கடை, பந்தல் கடை, நோட்டீஸ் அடிக்கும் அச்சகம், மாலை கட்டும் பூக்கடை. இவற்றில் மைக் செட் கடைக்காரரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்த ஊருக்கு எத்தனை நாள் செட் போகிறது என்பது அவருடைய நோட்டில் எழுதியிருக்கும். இரவெல்லாம் கண் விழித்து வருபவர்கள் என்பதால் காலை எட்டு மணிக்குப் போனால் கடை பூட்டியிருக்கலாம். பதினோரு மணிக்கு மேல் போங்கள்.

"ஏதாவது ப்ரோகிராம் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால், "தெரியலைங்க" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, இந்த வாரம் பாரதத்துக்கு எந்த ஊருக்கு செட் போகுது? கூத்து ஆரம்பிச்சிட்டாங்களா, இன்னும் பிரசங்கம் மட்டும்தானா?" கேட்பவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துவிட்டால் ஜமாவின் பெயர் வரை சொல்லிவிடுவார்கள்.

யூடியூபிலும் முகநூலிலும் கூத்துப் பதிவுகள் ஏராளம். அவை ஜமாவை அறிமுகம் செய்துகொள்ள உதவும், தேதிக்கு உதவாது. பழைய நோட்டீஸின் படத்தைப் புதிதுபோல் பகிர்வது அடிக்கடி நடக்கிறது. தேதியையும் கிழமையையும் காலண்டரில் ஒத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அது வேறு ஆண்டின் நோட்டீஸ்.

படி 3: நோட்டீஸைப் படிப்பது

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். நோட்டீஸ் கிடைத்தாலும் எந்த வரி எதற்கு என்று தெரியாததால் பகல் ஒரு மணிக்குப் போய் வெயிலில் நிற்கிறார்கள், அல்லது கூத்தே இல்லாத இரவில் போய்த் திரும்புகிறார்கள்.

மேலே தமிழ் வருடப் பெயர், மாதம், கொடியேற்றத் தேதி இருக்கும். நடுவில் ஒரு கட்டம் போட்ட பட்டியல் இருக்கும். அதில் பிற்பகலுக்கு ஒரு தலைப்பும் இரவுக்கு ஒரு தலைப்பும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பிற்பகலில் நடப்பது மகாபாரதச் சொற்பொழிவு, அதாவது பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார், பக்கத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் இருக்கும். இரவில் நடப்பதுதான் கூத்து. நோட்டீஸில் 'தெருக்கூத்து', 'கட்டைக்கூத்து', 'நாடகம்' என எந்தச் சொல் வேண்டுமானாலும் இருக்கலாம். தோளில் புஜக்கட்டை, தலையில் பெரிய கிரீடம் கட்டி ஆடும் ஜமா என்றால் படத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

சொற்பொழிவு கொடியேற்றத்தை ஒட்டியே தொடங்கிவிடும், கூத்து தொடங்கச் சில நாள் ஆகும். இருபது நாள் விழா என்றால் கூத்து கடைசி எட்டுப் பத்து இரவுகளில்தான் இருக்கும். அதனால் கொடியேற்றத் தேதியைக் கூத்துத் தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு குழப்பம் நள்ளிரவுக்குப் பின் மாறும் தேதி. '10ஆம் தேதி சனி இரவு' என்றால் சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு விடியும்வரை என்று பொருள். கதையின் உச்சக் காட்சி 11ஆம் தேதி அதிகாலையில் வரும்.

உபயதாரர் பட்டியலை அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு இரவின் கூத்தையும் யார் ஏற்றிருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். கீழே விழாக்குழுவின் போன் எண்ணும் இருக்கும். அது படி 5க்குத் தேவை.

படி 4: எந்த இரவுக்குப் போவது

ஒரே ஒரு இரவுதான் முடியும் என்றால், நம் தேர்வு கர்ண மோட்சம். போருக்குக் கிளம்பும் கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கும் தர்க்கமும் பாட்டும் கூத்தின் உயிரான பகுதிகளில் ஒன்று. கதை தெரியாதவரையும் அது பிடித்து உட்கார வைத்துவிடும். வேகமும் சண்டையும் வேண்டுமானால் அபிமன்னன் சண்டை அல்லது பதினெட்டாம் போர். திரௌபதி துகில் பெரும்பாலான ஊர்களில் பக்தியோடு பார்க்கப்படும் இரவு, கூட்டமும் அதிகம்.

இரவு கண் விழிக்க முடியாதவர்கள் படுகளத்துக்குப் போகலாம். அது கடைசி நாள் காலையில் நடக்கும். திறந்த வெளியில் மண்ணால் துரியோதனனின் பெரிய உருவத்தைப் படுத்த நிலையில் செய்து வைத்திருப்பார்கள். வேடமிட்ட பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிவந்து சண்டையிடுவார்கள். தொடை பிளந்த பிறகு திரௌபதி கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி. அர்ச்சுனன் தபசும் குடும்பத்தோடு பார்க்க ஏற்றது. நட்டு வைத்த உயரமான மரத்தில் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுவார். அதற்கு நேரம் ஊருக்கு ஊர் மாறும், நோட்டீஸில் தனியாகப் பாருங்கள்.

கர்ண மோட்சத்தைக் கரும காரியத்துக்கும் வைப்பார்கள். அது ஒரு வீட்டின் துக்க நிகழ்வு. யாரும் தடுக்க மாட்டார்கள் என்றாலும், தெரிந்தவர் மூலம் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை.

படி 5: அன்று மதியம் ஒரு போன்

கிளம்பும் நாளில் மதியத்துக்கு மேல் விழாக்குழு எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நேற்றே கேட்டாயிற்று என்று விட்டுவிடக் கூடாது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை கோயில் காரியம் நிற்கும். அன்றைய கூத்து அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும், கதைகளின் வரிசையும் ஒவ்வொரு நாள் நகரும். கோடை மழை வந்தால் களம் சேறாகிவிடும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் காவல்துறை அனுமதியில் நேரக் கெடு இருக்கும்.

கேட்க வேண்டியவை மூன்று: இன்றைக்குக் கூத்து உண்டா, என்ன கதை, எந்த ஜமா. நான்காவதாக, ஊரை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் இந்தப் பக்கம் சகஜம். போன் மேப்பில் முதலில் வருவது வேறு வட்டத்து ஊராக இருக்கலாம். 'எந்த ரோட்டில், எந்த ஊரைத் தாண்டி' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஊரிலும் ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் தனித்தனிக் கோயில், தனித்தனித் திருவிழா இருக்கும். கோயில் பெயரையும் சேர்த்துக் கேட்டால் தடுமாற்றம் இல்லை.

படி 6: போக்குவரத்தும் கையில் எடுக்க வேண்டியதும்

கடைசி டவுன் பஸ் கூத்து தொடங்கும் முன்பே போய்விடும். திரும்ப விடியற்காலை முதல் பஸ்தான். நடுவில் எழுந்து வரலாம் என்ற எண்ணம் இருந்தால் சொந்த வண்டியில் போங்கள். பைக் என்றால் களத்திலிருந்து சற்றுத் தள்ளி, ரோடு பக்கம் பார்த்து நிறுத்துங்கள். உள்ளே விட்டால், விடியும் முன் வண்டியை எடுக்க முடியாத அளவுக்குத் தரை முழுக்க ஆட்கள் படுத்திருப்பார்கள்.

விரிக்க ஒரு பாய் அல்லது தார்ப்பாய்த் துண்டு, பின்னிரவுப் பனிக்கு ஒரு போர்வை, இரண்டு லிட்டர் தண்ணீர், டார்ச், கொசுவர்த்தி, சில்லறை நோட்டு. டீயும் சுண்டலும் களத்திலேயே கிடைக்கும்.

படி 7: எங்கே உட்காருவது, எப்படிப் பார்ப்பது

நோட்டீஸில் பத்து மணி என்று போட்டிருந்தால் முதலில் மேளக்கட்டு. வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதி இது. இசைக்காகப் போகிறவர்கள் இதைத் தவறவிடவே கூடாது, அதனால் ஒன்பதரைக்கே இடம் பிடியுங்கள். பிறகு கடவுள் வாழ்த்து, அடுத்துக் கதையை அறிவித்துச் சிரிக்கவும் வைக்கும் கட்டியக்காரன் வருவார். அன்றைய கதை என்ன என்று களத்தில் சொல்பவர் அவர்தான்.

வாத்தியக்காரர்கள் களத்தின் ஒரு பக்கம் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நேர் எதிரே, ஐந்தாறு வரிசைக்குள் உட்காருங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்தால் ஆர்மோனியம் மட்டும்தான் காதில் அறையும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி, விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். அதனால் எந்த நேரத்திலும் மைக்கைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரலாம். அப்போது கிட்டத்தில் இருப்பவருக்குத்தான் பாட்டு கேட்கும். மைக் இல்லாமல் பின்பாட்டும் சலங்கையும் கேட்கும் அந்த நேரம், கேட்டவருக்கு மறக்காது.

கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய கட்டை வேடம் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். வேடக்காரர் திரைக்குப் பின்னாலிருந்தே பாடி, கொஞ்சம் கொஞ்சமாக முகம் காட்டி, கடைசியில்தான் வெளியே வருவார். புதியவர்கள் 'இன்னும் தொடங்கவில்லை' என்று நினைத்து டீ குடிக்க எழுந்துவிடுவது இங்கேதான். அந்த நுழைவே கூத்தின் பெரிய அழகு, உட்கார்ந்து பாருங்கள். தூக்கம் வந்தால் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் கொஞ்சம் படுத்து எழலாம், ஊராரே அப்படித்தான் செய்வார்கள். மூன்று மணிக்கு மேல் மட்டும் கண்ணை மூடாதீர்கள்.

ஒப்பனை கட்டும் இடத்தில் கேட்காமல் நுழைந்து படம் எடுக்கக் கூடாது. களத்தில் ஃபிளாஷ் வேண்டாம். ஆட்டம் பிடித்திருந்தால் அன்பளிப்பு கொடுக்கலாம். கட்டியக்காரன் அல்லது தாளக்காரரிடம் பெயரும் ஊரும் சொல்லிக் கொடுத்தால் களத்திலேயே அறிவிப்பார்கள். ஐம்பது ரூபாயையும் மரியாதையாகத்தான் வாங்கிக்கொள்வார்கள்.

படி 8: அடுத்த கூத்தை அங்கேயே பிடிப்பது

விடிந்து மங்களம் பாடி முடிந்ததும் ஜமாவை நடத்தும் வாத்தியாரிடம் போய், "அடுத்த வாரம் எங்கே தாம்பூலம் வாங்கியிருக்கீங்க?" என்று கேளுங்கள். முன்பணத்தோடு தாம்பூலம் வாங்கிய ஊர்கள் அவர் நோட்டில் வரிசையாக இருக்கும். ஒரு ஜமாவின் அட்டவணை கையில் இருந்தால் அந்தப் பருவம் முழுக்க மைக் செட் கடைப் பக்கம் போக வேண்டியிருக்காது. வேடம் கலைப்பதற்குள் கேட்டுவிடுங்கள். அதன்பிறகு வேனில் ஏறி, அன்றிரவு ஆட வேண்டிய ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இதே முறை மற்ற வட்டாரங்களுக்கும் பொருந்தும், தேடும் பொருள்தான் மாறும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இரவு முழுக்க நடக்கும் வள்ளி திருமணம் போன்ற இசை நாடகங்களுக்கு அந்தந்த ஊர் நாடக நடிகர் சங்கத்திலும் நாடக ஏஜென்டுகளிடமும் விசாரியுங்கள். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் வில்லுப்பாட்டு வேண்டுமானால் கோயில் கொடை நோட்டீஸ்களைப் பாருங்கள். நாதஸ்வரம் கேட்க ஆசைப்படுபவர்கள் பெரிய கோயில் பிரம்மோற்சவத்தில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்பே வாசலில் நில்லுங்கள். சுவாமி புறப்பாட்டுக்கென்றே உள்ள மல்லாரியை வாசிப்பது புறப்படும்போதுதான். வீதியில் பாதி வழியில் போய்ச் சேர்ந்தால் அது கிடைக்காது.