இங்க் பேட்: வாங்குவதிலும் பயன்படுத்துவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரப்பர் ஸ்டாம்ப் கொண்டு வாழ்த்து அட்டையும் அழைப்பிதழும் செய்யப் பழகுகிறவர்கள் மயில், தாமரை, கோலம் என்று ஸ்டாம்பைப் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். மையைப் பற்றி யோசிப்பது அபூர்வம். வீட்டு மேசை இழுப்பறையில் எப்போதோ வாங்கிய அலுவலக ஸ்டாம்ப் பேட் ஒன்று கிடக்கும், அதுவே போதும் என்று தொடங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு பொங்கலுக்கு இருபது அட்டைகளில் பானையையும் கரும்பையும் கறுப்பு ஸ்டாம்ப் பேடில் ஒற்றிப் பதித்து, கோடுகள் பளிச்சென்று விழுந்ததில் மகிழ்ந்து, மறுநாள் வாட்டர் கலர் தீட்ட உட்கார்ந்தேன். ஈரத் தூரிகை பானையின் விளிம்பைத் தொட்டதும் கறுப்புக் கோடு ஓரத்தில் ஊதா கக்கிக் கரைந்தது. மஞ்சள் பூச நினைத்த இடமெல்லாம் அழுக்குச் சாம்பலானது. ஒரு நாள் முழுக்கக் காய்ந்த மை எப்படிக் கரையும் என்று அப்போது புரியவில்லை.

அந்த மை உண்மையில் காயும்படி செய்யப்பட்டதே அல்ல. அலுவலக ஸ்டாம்ப் பேடில் இருப்பது பெரும்பாலும் நீரில் கரையும் சாயம். பேட் வறண்டுவிடாமல் இருக்க அதனுடன் கிளிசரினோ கிளைக்கால் வகைத் திரவமோ சேர்க்கிறார்கள். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும் இயல்புடையவை. ரசீதுத் தாளில் அந்த மை உறிஞ்சப்பட்டு மறைவதைத்தான் காய்ந்தது என்று நினைக்கிறோம். மீண்டும் தண்ணீர் பட்டால் சாயம் கிளம்பிவிடும். வழவழப்பான அட்டையாக இருந்தால் உறிஞ்ச வழியின்றி மணிக்கணக்கில் விரலில் ஒட்டும். ரசீதுக்கும் விண்ணப்பத்துக்கும் மிகப் பொருத்தமான அந்த மையைக் கைவினைக்குக் கொண்டுவந்ததுதான் என் தவறு.

ஆகவே கடையில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது எந்த நிறம் என்பதை அல்ல. பதித்த பிறகு அந்த அச்சின்மேல் என்ன படப்போகிறது என்பதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீரா, ஆல்கஹால் மார்க்கரா, எம்பாசிங் பவுடரும் (சூட்டில் உருகி அச்சை மேடாக எழுப்பும் தூள்) சூடுமா, இஸ்திரிப் பெட்டியா, சுவரில் மாட்டியபின் வெயிலா? இதற்கு விடை தெரிந்தால் தேர்வு தானாகவே குறுகிவிடும். தெரியாமல் வாங்கினால் பன்னிரண்டு நிறம் கொண்ட பெட்டியும் உதவாது.

கைவினைக்கான மைகளைச் சாய மை, நிறமி மை, கரைப்பான் மை என்று பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். சாய மை தாளின் இழைக்குள் இறங்குவதால் விரைவில் காயும், ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மை கொண்டிருப்பதால் கறுப்புத் தாளில் பதித்தால் தெரியாது, வெளிச்சத்தில் மங்கும். நிறமி மையில் நிறத்துகள்கள் தாளின் மேற்பரப்பிலேயே தங்குவதால் நிறம் அடர்த்தியாக நிற்கும், வெளிச்சத்தையும் தாங்கும், ஆனால் காய்வதற்கு நேரம் எடுக்கும். கரைப்பான் மை கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் போன்ற உறிஞ்சாத பரப்புகளுக்கு உரியது. வாசனை கடுமையாக இருக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்தே அதைப் பயன்படுத்த வேண்டும். சிறு குழந்தைகளின் கையில் கொடுக்கக் கூடாது.

பெட்டியின்மேல் 'நீர் புகாது' என்று அச்சிட்டிருந்தால் எல்லாவற்றையும் தாங்கும் என்று எண்ணிவிடுவது அடுத்த தவறு. தண்ணீரைத் தாங்கும் மை ஆல்கஹாலைத் தாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காப்பிக் (Copic) என்ற பெயரில் வருபவை போன்ற வண்ண மார்க்கர்களில் இருப்பது ஆல்கஹால். கரைப்பான் மையால் பதித்த கோட்டின்மேல் அதை ஓட்டினால் கோடு கலங்கி, மார்க்கரின் முனையும் கறைபடும். ஜப்பானிய நிறுவனமான ட்சுகினேகோவின் மைகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே வேறுபாடு விளங்கும்: ஆல்கஹால் மார்க்கருக்கு மெமெண்டோ, நுணுக்கமான கோடுகளுக்கு வெர்சாஃபைன், கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் ஸ்டாஸ்ஆன், துணிக்கு வெர்சாகிராஃப்ட் என்று ஒரே நிறுவனம் தனித்தனியாகச் செய்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மை போதுமென்றால் அவர்கள் இத்தனை வகை செய்திருக்க வேண்டியதில்லை. ரேஞ்சர் நிறுவனத்தின் ஆர்க்கைவல் மை வாட்டர் கலர் தீட்டுவோர் பலரும் நம்பி வாங்குவது. அதே நிறுவனத்தின் டிஸ்ட்ரஸ் மையோ தண்ணீர் பட்டால் பரவ வேண்டும் என்றே செய்யப்பட்டது. பழைய தாள் போன்ற மங்கலான பின்னணிக்கு அது அருமையானது, வர்ணம் தீட்டப்போகும் வெளிக்கோட்டுக்கு உதவாது. பெயர் தெரியாத மையாக இருந்தால், வேலைக்கு எடுக்கும் அதே தாளின் துண்டு ஒன்றில் பதித்து, அரை மணி நேரம் கழித்து ஒரு பக்கம் ஈரத் தூரிகையையும் மறுபக்கம் மார்க்கரையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். இருபது அட்டைகளைக் காப்பாற்றும்.

பேடின் மூடியில் உள்ள நிறத்தை நம்புவதும் அப்படியே. மூடியில் கிளிப்பச்சையாகத் தெரிவது பழுப்பேறிய கைவினைத் தாளில் பாசிப்பச்சையாக விழும். வாங்கிய ஒவ்வொரு நிறத்தையும் வெள்ளை அட்டைத் துண்டில் ஒருமுறை பதித்துப் பெயரெழுதிக் கோத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அந்தத் துண்டு ஒவ்வொன்றிலும் அச்சின் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்து, வெயில் விழும் ஜன்னலில் சில வாரங்கள் ஒட்டிவைத்தால் எந்த மை மங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

எம்பாசிங் செய்ய விரும்புகிறவர்கள் செய்யும் தவறு சாய மையில் பவுடரைத் தூவுவது. பவுடர் ஒட்டிக்கொள்ள ஈரம் வேண்டும். சாய மையோ நாம் டப்பாவைத் திறப்பதற்குள் காய்ந்திருக்கும், அதனால் அச்சு அங்கங்கே சொட்டையாக வரும். நிறமி மையோ, இதற்கென்றே வரும் வெர்சாமார்க் போன்ற நிறமற்ற பிசுபிசுப்பு மையோதான் ஏற்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை போன்ற கடலோர ஊர்களில் தாளே ஈரம் ஏறி இருப்பதால், பவுடர் கோட்டில் மட்டும் ஒட்டாமல் தாள் முழுக்கப் படியும். பதிப்பதற்கு முன் சிறு துணி முடிச்சில் கட்டிய டால்கம் பவுடரால் தாளை லேசாகத் தட்டித் துடைத்துவிட்டால் இது பெரிதும் குறையும். சூடாக்குவதற்கு ஹேர் டிரையரை எடுக்கிறவர்களும் உண்டு. அது பவுடரை ஊதிப் பறக்கவிடுமே தவிர உருக்காது. அதற்குக் காற்று குறைவாகவும் சூடு அதிகமாகவும் வரும் ஹீட் கன் தேவை. சூட்டை ஓரிடத்தில் காட்டிக் கவனியுங்கள்: மாவு போல் மங்கலாக இருந்த கோடு திடீரென்று பளபளவென்று திரண்டு எழும். அந்தக் கணத்திலேயே கன்னை அடுத்த இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று நின்றால் உருகியது தாளுக்குள் இறங்கி, எண்ணெய்க் கறை போலத் தட்டையாகிவிடும்.

தாள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெராக்ஸ் தாள் மெல்லியது. சாய மை அதில் பின்பக்கம் வரை ஊறும். பஞ்சுக் கூழில் செய்த கைத்தயாரிப்புத் தாள் பார்க்க அழகாக இருந்தாலும் மேடுபள்ளமும் உறிஞ்சும் தன்மையும் அதிகம் என்பதால், மயில் தோகை போன்ற நுணுக்கமான ஸ்டாம்புகள் அதில் எடுபடுவதில்லை; தடித்த கோடுகள் கொண்டவை நன்றாகவே வரும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள வழுவழுப்பான, ஆனால் பளபளப்புப் பூச்சு இல்லாத கார்ட் ஸ்டாக் என்னும் தடித்த அட்டைத் தாள் தொடக்கத்துக்குப் பாதுகாப்பானது. பளபளப்புப் பூச்சுள்ள அட்டையில் நிறமி மையைப் பதித்தால், பவுடர் தூவிச் சூடாக்கினால் ஒழிய அது காய்வதில்லை.

பேடின் மேல் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தி, அங்குமிங்கும் தேய்த்து, பிறகு தாளில் வைத்து இடவலமாக ஆட்டி அழுத்துவது தபால் அலுவலகத்திலும் பத்திர அலுவலகத்திலும் பார்த்துப் பார்த்து நமக்கெல்லாம் கைவந்த பழக்கம். கைவினையில் வீணாகும் அச்சுகளில் பெரும்பகுதி இந்தப் பழக்கத்தால் வீணாவதே என்பது என் கணிப்பு. குத்தும்போது மை கோடுகளின் மேல்முகத்தில் மட்டும் நில்லாமல் பள்ளங்களுக்குள்ளும் வெட்டின் ஓரங்களுக்கும் இறங்கிவிடும். ஆட்டும்போது அந்த ஓரத்து மை தாளில் பட்டு, பூவைச் சுற்றி அரைவட்டமாகத் தேவையற்ற கறை விழும். மேலும் மரப்பிடியின் கூர்மையான விளிம்பு பஞ்சுப் பேடைக் கிழித்துவிடும்.

கைவினை பேடுகளில் பல, மைப்பரப்பு பெட்டியின் விளிம்பைவிட மேலே எழும்பி நிற்கும்படி செய்யப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஸ்டாம்பை மேசையில் மல்லாத்தி வைத்து, பேடைக் கையில் எடுத்து அதன்மேல் கவிழ்த்துத் தட்ட முடிய வேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. இவ்வாறு செய்தால் சிறிய பேடைக் கொண்டே பெரிய ஸ்டாம்புக்கும் மை ஏற்றிவிடலாம். தேய்க்காமல், முத்தமிடுவது போல மெல்ல, ஒவ்வொரு தட்டுக்கும் இடத்தை மாற்றிப் பலமுறை தட்ட வேண்டும். பிறகு ஸ்டாம்பை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். மை ஏறிய இடம் ஒரே சீராக மினுங்கும். ஏறாத இடம் மங்கலாகத் தெரியும். கோடுகளுக்கு நடுவே குட்டை குட்டையாக மின்னினால் மை மிகுந்துவிட்டது, அதைப் பழைய தாளில் ஒருமுறை ஒற்றி எடுத்துவிட வேண்டும். தாளில் நேராக இறக்கி, ஆட்டாமல், மேலிருந்து விரல்களால் எல்லாப் பக்கமும் அழுத்தி, நேராகவே தூக்க வேண்டும். இரண்டு நிறங்களை ஒரே ஸ்டாம்பில் ஏற்றுவதானால் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு; மாற்றிச் செய்தால் மஞ்சள் பேடின் நடுவில் நீலத் தழும்பு நிரந்தரமாகிவிடும்.

கிளியர் ஸ்டாம்ப், அதாவது பிடியில்லாத ஒளிபுகும் பாலிமர் ஸ்டாம்ப், வாங்கியவர்கள் முதல் நாளே 'இந்த மை சரியில்லை' என்று பேடைக் குறைசொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். புதிய பாலிமர் ஸ்டாம்பின் முகத்தில் எண்ணெய்ப் பசை போன்ற மெல்லிய படலம் இருப்பதால் மை தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாகத் திரளும். வெள்ளை அழிப்பானால் மென்மையாகத் தேய்த்துவிட்டால் அது சரியாகிவிடும். மரப்பிடி ரப்பர் ஸ்டாம்பில் இருப்பது போன்ற பஞ்சு அடுக்கு இதில் கிடையாது. எனவே தாளுக்கு அடியில் மெல்லிய ஃபோம் விரிப்பை வைக்காமல் கண்ணாடி மேசையில் அழுத்தினால் நடுப்பகுதி பதியாமல் போகும். அதற்காகக் கூடுதலாக மை ஏற்றுவதுதான் தொடர்ந்து நடக்கும் தவறு.

துணியில் பதிப்பவர்கள், தாம்பூலப் பைகளுக்குத் தாங்களே அச்சிட நினைப்பவர்கள், இரண்டைக் கவனிக்க வேண்டும். கோடித் துணியில் கஞ்சி இருக்கும். அலசிக் காயவைக்காமல் பதித்தால் மை கஞ்சியின்மேல் அமர்ந்து முதல் சலவையிலேயே போய்விடும். துணிக்கான மையும் பதித்த மாத்திரத்தில் நிலைப்பதில்லை; நன்றாகக் காய்ந்த பின் இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றினால்தான் பிடிக்கும்.

சுத்தம் செய்வதில் அவசரப்படுகிறவர்கள் தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அகற்றி என்று கைக்குக் கிடைத்ததை எடுக்கிறார்கள். பெட்ரோலியக் கரைப்பான்களில் ரப்பர் உப்பிவிடும், நகப்பூச்சு அகற்றியிலுள்ள அசிட்டோன், கிளியர் ஸ்டாம்பை ஒட்டிப் பிடிக்கும் அக்ரிலிக் பிளாக்கையே கரைத்து மங்கலாக்கும். சாய மைக்கும் பெரும்பாலான நிறமி மைகளுக்கும் ஈரத்துணியோ பேபி வைப்ஸோ போதும். கரைப்பான் மைக்கு மட்டும் அதற்கென்று விற்கும் கிளீனர் வேண்டும். துடைத்த பிறகும் கிளியர் ஸ்டாம்பில் மங்கிய நிறம் தங்கினால் கவலைப்பட வேண்டாம். அது வெறும் கறைதான், அடுத்த அச்சில் வராது.

பேட் வறண்டுவிட்டது என்று தூக்கியெறிவதும், அதில் தண்ணீர் ஊற்றுவதும் ஒரே அவசரத்தின் இரண்டு முகங்கள். பரண்மேல் கோடை வெக்கையில் கிடந்த பேட் மேலே காய்ந்து, மை அடியில் இறங்கியிருக்கலாம். சாய மைப் பேடுகளைத் தலைகீழாக அடுக்கிவைக்கும் வழக்கம் இதனால்தான். தண்ணீர் சேர்த்தால் நிறம் வெளிறி, பேட் புளித்த வாடை அடிக்கத் தொடங்கும். அதே நிறுவனத்தின் அதே வகை ரீஃபில் மையைச் சில சொட்டு வரிசையாக விட்டு, பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் பரப்பி, ஓர் இரவு மூடிவைத்து மறுநாள் பதித்துப் பாருங்கள். வேறு வகை மையை அதே நிறம் என்பதற்காக ஊற்றிவிடாதீர்கள். சாய மைப் பேடில் நிறமி மை விழுந்தால் துகள்கள் துணியின் கண்களை அடைத்துவிடும், அதன் பிறகு அந்தப் பேடை மீட்க முடியாது. மறுநாள் மை மிகுந்து தெரிந்தால், ஒரு டிஷ்யூ தாளை மேலே விரித்து உள்ளங்கையால் ஒருமுறை ஒற்றி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.