இல்லாத மாமாவின் சொத்து: கேலிப் பதில் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணம் கேட்டு வரும் மோசடிக் கடிதங்களுக்கு, நம்பியவர்போல் கேலிப் பதில் எழுதி அனுப்பியவரின் நேரத்தை வீணடிப்பவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். போன வாரம் ஓர் இளைஞர், மோசடிக்காரர் ஒருவரோடு தாம் நடத்திய முதல் கடிதப் போக்குவரத்தை எனக்கு அனுப்பிவைத்தார். வாரிசில்லாமல் இறந்த செல்வந்தர் உங்கள் மாமா, அவருடைய ஒரு கோடியே ஐந்து லட்சம் டாலர் உங்களுக்கே, முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று அவசரப்படுத்தும் பாரிஸ்டர் (வழக்கறிஞர்) என்று வழக்கமான கதைதான். பதினோரு கடிதங்கள் வரை அந்தப் பாரிஸ்டரை அவர் நன்றாகவே அலைக்கழித்திருந்தார். சில இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். பன்னிரண்டாவது கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அதே கடிதம் அது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சொந்தப் பெயரைச் சொல்லாதீர்கள், பணம் அனுப்பாதீர்கள், இணைப்புகளைத் திறக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை தெரியாதவர் இதில் இறங்கவே வேண்டாம்.

வந்த முகவரிக்கே பதில் எழுதுவது

இத்தகைய கடிதங்களில் பல, வேறு யாரிடமிருந்தோ திருடப்பட்ட மின்னஞ்சல் கணக்கிலிருந்து வருகின்றன. அனுப்புநராகத் தெரிபவருக்குத் தம் பெயரில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. மோசடிக்காரர் எதிர்பார்க்கும் பதில் வேறொரு முகவரிக்குப் போகும். அது கடிதத்தின் தலைப்பு விவரங்களில், பதில் முகவரி (Reply-To) என்று தனியாக இருக்கும். நாம் இதற்கென்றே திறந்த புதுக் கணக்கிலிருந்து எழுதுவதால், முகவரியைக் கையால்தான் எடுத்துப் போடுகிறோம். அங்கேதான் தவறு நேர்கிறது. உங்கள் கேலி ஓர் அப்பாவியின் பெட்டியில் போய் விழும்.

கற்பனை என்று நினைத்து உண்மையைக் கொடுப்பது

தொலைபேசி எண் கேட்டால் வாய்க்கு வந்த இலக்கங்களை எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த எண் எங்கோ ஒருவருடைய வீட்டில் ஒலிக்கும். இரவு இரண்டு மணிக்கும் ஒலிக்கும். முகத்துக்கும் இதே கதைதான். இணையத்தில் எடுத்த யாருடைய படத்தையாவது அனுப்பினால், அடுத்த மாதம் அவரே வங்கி அதிகாரியாகவோ வழக்கறிஞராகவோ இன்னொருவரின் கடிதத்தில் தோன்றுவார். இவர்கள் எந்தப் படத்தையும் எந்த பாஸ்போர்ட் நகலையும் வீணாக்குவதில்லை.

படங்கள் தானாக இறங்க விடுவது

நிறுத்தி வையுங்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளிப் படம் போதும், கடிதத்தை எப்போது திறந்தீர்கள் என்பதைச் சொல்லிவிடும். சில நேரம் உங்கள் ஐபி முகவரியையும், அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணையும்.

முதல் கடிதத்திலேயே சிரிக்க வைப்பது

இது ரசனைக் குறைவு மட்டுமல்ல, கணக்கும் தெரியாத வேலை. இந்தக் கடிதங்கள் ஏன் இவ்வளவு நம்ப முடியாதவையாக இருக்கின்றன என்பதை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். விவரம் தெரிந்தவர்கள் முதல் வரியிலேயே விலகிவிட வேண்டும். கடைசிவரை ஏமாறக்கூடியவர்கள் மட்டுமே பதில் எழுத வேண்டும். அப்போதுதான் மோசடிக்காரரின் உழைப்பு வீணாகாது. அப்படியானால், பணம் தரவே போகாத ஒருவர் நம்பியவர்போல் எழுதும் ஒவ்வொரு கடிதமும் அவருக்கு நட்டம். நியூசிலாந்தின் நெட்சேஃப் அமைப்பு 2017இல் தொடங்கிய தானியங்கிப் பதில் திட்டமும் இதைத்தான் செய்தது: ஓயாமல் கேள்வி கேட்டு அவர்களுடைய நேரத்தைத் தின்றது. நம் ஆயுதம் நேரம். நகைச்சுவை அதை நீட்டிப்பதற்கான வழி.

வெற்றிக் கடிதம் எழுதுவது

நான் உருவாக்கிய பாத்திரம் ஓர் ஓய்வுபெற்ற நூலகர். மாமாவின் சொத்தைவிட, அவர் எடுத்துச் சென்று திருப்பித் தராத நூலகப் புத்தகம்தான் அவருக்குப் பெரிது. "புத்தகம் வந்து சேராமல் ஒரு டாலரையும் தொடமாட்டேன். நாற்பது ஆண்டுகளாக என் பதிவேட்டில் ஒரு குறை இல்லை" என்று எழுதினேன். பாரிஸ்டர் அசரவில்லை. மூன்றே நாளில் பதில் வந்தது: புத்தகம் மறைந்தவரின் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது, அனுப்பிவைக்க 85 டாலர் ஆகும். எந்தப் பக்கத்தின் முனை மடிந்திருக்கிறது என்று நூலகர் கேட்டார். 112ஆம் பக்கம் என்றார் பாரிஸ்டர். நூலகரின் பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு 96 பக்கங்கள்தாம். இப்படியே ஏழு வாரம் ஓடியது.

ஏழாவது வாரம் அவர் தடுமாறினார். வேறொருவருக்கு எழுதிய கடிதத்தை எனக்கு அனுப்பிவிட்டார். ஒரே நேரத்தில் பலரைக் கையாளுபவர்களுக்கு இது நேர்வதுண்டு. அதன் அடியில் ஒரு பெண்மணியின் வரிகள் ஒட்டிக்கொண்டிருந்தன: "இரண்டாவது கட்டணத்தையும் செலுத்திவிட்டேன். இனி என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த வாரமாவது அனுப்பிவையுங்கள்." அவருடைய முகவரி இல்லை. ஆனால் மூன்றாவது கட்டணத்தைச் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கின் எண் முழுமையாக இருந்தது.

அன்றிரவு செய்திருக்க வேண்டியது எளிது. கணக்கு எண்ணை அந்த வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் நூலகராகவே புத்தகத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். நானோ ஆத்திரத்தில் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். புத்தகத்தில் 96 பக்கங்கள்தாம் என்றேன். கடிதத்தாளில் வங்கியின் பெயரே பிழையாக இருக்கிறது என்றேன். இறப்புச் சான்றிதழில் உள்ள தேதி வெள்ளிக்கிழமை அல்ல, ஞாயிற்றுக்கிழமை என்றேன். "உன் கணக்கு எண் என் கையில் இருக்கிறது" என்று முடித்தேன். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் வங்கிக்கு எழுதியபோது, பாரிஸ்டரின் முகவரி ஏற்கெனவே செயலிழந்திருந்தது. கணக்கு விவரங்களை வெளியாருக்குச் சொல்ல முடியாது என்று வங்கி பதில் அனுப்பியது, அது முறைதான். ஆனால் இப்படி எச்சரித்த பிறகு அந்தக் கணக்கில் யார் பணத்தை விட்டுவைப்பார்? காலி செய்வதற்கு ஓர் இரவு முழுவதையும் நானே அவருக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பெண்மணிக்கு என்ன ஆனது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆறு வாரம் கழித்து அதே கடிதம், வேறொரு பாரிஸ்டரின் பெயரில், என் இன்னொரு முகவரிக்கு வந்தது. வங்கியின் பெயர் சரியாக இருந்தது. தேதிக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. நான் சுட்டிக்காட்டிய பிழைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த இளைஞரின் பன்னிரண்டாவது கடிதத்தில் ஒன்பது பிழைகள் எண்ணிட்டுக் காட்டப்பட்டிருந்தன. ஏமாற்றுபவரிடம் "நான்தான் உன்னை ஏமாற்றினேன்" என்று சொல்லத் துடிக்கும் அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. அதை நண்பர்களிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் ஒரு சொல்கூட வேண்டாம்.

கணக்கு எண்ணை ஊரறியப் போடுவது

வங்கிக்கு மட்டும் அனுப்புங்கள். அந்தக் கணக்குக்கு உரியவரே ஏமாற்றப்பட்ட இன்னொருவராக இருக்கக்கூடும்.

நாட்டையும் நிறத்தையும் கேலி செய்வது

இத்தகைய மோசடிக்கு வழங்கும் 419 என்ற பெயர் நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் ஒரு பிரிவு எண்ணிலிருந்து வந்தது. மோசடி அங்கே பிறந்ததல்ல. சிறையில் வாடும் செல்வந்தரை மீட்கப் பணம் கேட்கும் "ஸ்பானியக் கைதி" கடிதங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் உலவின. இன்று எழுதுபவர் யார் என்பதும் நமக்குத் தெரியாது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடி வேலைகளில் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூறியது. கதையைக் கேலி செய்யுங்கள், போதும்.

முடிக்கத் தெரியாமல் முடிப்பது

இப்போதெல்லாம் என் நூலகர் விடைபெறுவதே இல்லை. "நாளைக் காலை பணம் கட்டப் போகிறேன்" என்று எழுதுவார். பிறகு எழுதமாட்டார். போன முறை அதற்குப் பிறகும் பாரிஸ்டரிடமிருந்து ஒன்பது கடிதங்கள் வந்தன. கடைசிக் கடிதம், புத்தகத்தை இலவசமாகவே அனுப்பிவைப்பதாகச் சொன்னது.